வெயிலுக்கு ஸ்கோர் கார்டு

கொளத்தூரில் வண்ண மீன் கடைக்குப் போய் மீன் வாங்காமல், தொட்டித் தண்ணீரின் சூடு பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் மட்டும் ஒன்று வாங்கிவந்தேன். தீப்பெட்டி அளவு டிஸ்ப்ளே, ஒரு மீட்டர் ஒயர், நுனியில் குட்டி சென்ஸார், இரண்டு பட்டன் செல். டிஸ்ப்ளேயை என் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் டபுள் டேப் போட்டு ஒட்டினேன். ‘மீன் எங்கே?’ என்றாள் மனைவி. ‘நான்தான்’ என்றேன். ஏப்ரல் மாதம், ஜி.என்.டி. ரோடு. பொரிந்த மீன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. கோடை வந்தால் நம் பத்திரிகைகளும் டி.வி.க்களும் ‘வெயில் சதமடித்தது’ என்று ஆரம்பித்துவிடுகின்றன. எந்தெந்த ஊர் செஞ்சுரி, யார் டாப் ஸ்கோரர் என்று பட்டியல் வேறு. சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதுகிறோம். இந்த ‘சத’த்துக்கு யாராவது எழுதவேண்டாமா? கையில் கருவியோடு நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதல் தகராறு, கருவி செல்ஷியஸ் மட்டும்தான் பேசும். 40 என்றது. எனக்கு உறைக்கவே இல்லை. பி.காம்காரனுக்கு 40 என்றால் ஜஸ்ட் பாஸுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு ஃபார்முலாவை பாக்கிச் சிட்டை மாதிரி மாற்றி வைத்துக்கொண்டேன். செல்ஷியஸை இரண்டால் பெருக்கு, பத்து சதவீதம் தள்ளுபடி கொடு, 32 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் சேர். 40-க்கு 80, தள்ளுபடி 8 போக 72, சார்ஜ் சேர்த்து 104. ஆ, இப்போது சுடுகிறது! நீங்களும் போட்டுப் பாருங்கள், பைசா பிசகாது.

ஏன் இப்படி? இந்தியா மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டது 1956-ல். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. சேர், வீசையெல்லாம் போயேபோய்விட்டன. ஆனால் மனை இன்னும் கிரவுண்டு, தங்கம் சவரன், மல்லிகைப்பூ முழம், டி.வி. அங்குலம். ஸ்கூட்டர் டயரைப் பாருங்கள், 90/100-10 என்று போட்டிருக்கும். 90 என்பது மில்லிமீட்டரில் அகலம். 100 என்பது அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் உயரம் என்ற கணக்கு. 10 என்பது அங்குலத்தில் ரிம். ஒரே டயரில் மூன்று கணக்கு! காற்று அடிப்பது பவுண்டில். பெட்ரோல் லிட்டர், தூரம் கிலோமீட்டர், வகுத்து வரும் விடைக்குப் பெயர் மட்டும் மைலேஜ். யாரும் குழம்புவதில்லை. யூனிட் என்பது தாய்மொழி மாதிரி, முதலில் எதில் பயந்தோமோ அதில்தான் பயப்படுவோம். நமக்குக் காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில் வந்தது.

ஆகவே ஃபாரன்ஹீட் மேல் எனக்குப் புகார் இல்லை. அந்த 100 மேல்தான் புகார். அந்த எண்ணில் அப்படி ஒன்றும் விசேஷம் கிடையாது. 1724-ல் ஃபாரன்ஹீட் எழுதிவைத்த அளவில் மனித உடம்பின் சூடு 96. செல்ஷியஸ் 1742-ல் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் தலைகீழாகத்தான் வைத்தார். பிறகு மற்றவர்கள் நிமிர்த்தினார்கள். எல்லாம் நாமாகப் போட்ட கோடுகள். நம் வானிலை ஆய்வுத் துறை அறிக்கை தருவது செல்ஷியஸில். அதை ஃபாரன்ஹீட்டாக்கி, 100 தாண்டியதா என்று பார்த்துக் கைதட்டுவது நாம். அந்தத் துறைக்கு வேறு கோடு இருக்கிறது. கடலோர ஊர்களில் 37-ஐத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. 37-ஐ என் தள்ளுபடி முறையில் போட்டால் 98.6. டாக்டர் ‘நார்மல்’ என்று எழுதுகிற அதே எண்! உடம்பைவிடக் காற்று சூடாகிவிட்டால், உடம்பின் சூடு வெளியேற வியர்வை ஒன்றுதான் வழி. சொல்ல வேண்டிய செய்தி அது. செஞ்சுரி அல்ல.

இரண்டாவது தகராறு, கருவியை எங்கே வைப்பது என்பது. காரனோடை தாண்டி வெயிலில் நின்றேன், 46. ஓட்டினால் 41. புளியமரத்து நிழலில் 38. எது உண்மை? மூன்றும்தான். பேப்பரில் வரும் வெப்பநிலை, ஸ்டீவன்சன் பெட்டி என்கிற வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள், ஆளுயரத்தில், நிழலில் எடுத்தது. (வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதியவரின் அப்பா.) ஊருக்கு ஊர் ஒப்பிட அது சரியான முறை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரும் வேலை பார்ப்பதில்லை.

இந்த யோசனையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட் போய்ச் சேர்ந்தேன். ரோலிங் மில் ஒன்றில் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் டீக்கடையில் காத்திருந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

‘இது எவ்ளோ வரைக்கும் சார் காட்டும்?’

‘110.’

‘எங்களுது ஆயிரத்து இருநூறு சார்.’

இரும்புக் கட்டியை அந்தச் சூட்டில் பழுக்கவைத்துத்தான் கம்பியாக உருட்டுகிறார்கள். பழைய இரும்பை உருக்கும் யூனிட்டில் 1,600 தாண்டும். தெர்மோகப்பிளைக் குழம்பில் முக்கிப் பார்ப்பார்கள். கொஞ்சம் தப்பினாலும் சரக்கு வீண், கரன்ட் பில் எகிறும். எல்லாம் செல்ஷியஸ். ‘வீட்ல புள்ளைக்கு ஜுரம்னா எவ்ளோன்னு கேப்பீங்க?’ என்றேன். ‘நூத்தி ரெண்டு, நூத்தி மூணுன்னுதான்’ என்றார். ஒரே தலைக்குள் இரண்டு டிகிரியும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

‘நீங்க நிக்கற எடத்துல எவ்ளோ சூடு?’

யோசித்தார். ‘அது யாருக்கு சார் தெரியும்? சட்டை நனைஞ்சா சூடு. நனைஞ்சது காஞ்சி உப்பு பூத்தா ரொம்ப சூடு.’

இரும்புக்கு ஒரு டிகிரி சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு சட்டைதான் மீட்டர்.

யோசித்தால் சட்டை அவ்வளவு மோசமான மீட்டர் இல்லை. மண்பானையில் தண்ணீர் குளிர்வது, வெளியே கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகமிருந்தால் பானையும் குளிராது, நாமும் குளிரமாட்டோம். அதைத் தெரிந்துகொள்ள தெர்மாமீட்டர் நுனியில் ஈரத்துணி சுற்றி, காற்று படவைத்துப் பார்ப்பார்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். ஓடுகிற ஸ்கூட்டர் இதற்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் ஏற்பாடு! மருந்துக்கடையில் காஸ் துணி வாங்கி, சென்ஸாரில் சுற்றி நனைத்து, ஹெட்லைட்டுக்கு அடியில் நிழலில் கட்டி, சிப்காட் ரோட்டில் ஒரு ரவுண்டு போனேன். காய்ந்த சென்ஸார் 38 காட்டிய அதே மதியம், ஈர சென்ஸார் 28.

28 என்றதும் ஏதோ ஊட்டி மாதிரி தோன்றுகிறது இல்லையா? அங்கேதான் ஏமாறுகிறோம். இந்த அளவுகோல் வேறு. 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர் உடம்பாலும் சூட்டை வெளியே தள்ள முடியாது. 2022-ல் வெளியான பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வில், புழுக்கத்தில் 31 வாக்கிலேயே ஆரோக்கியமான இளைஞர்களின் உடம்புச் சூடு கட்டுமீற ஆரம்பித்துவிட்டது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வேலையிடத்தின் வெப்பத்தைப் பற்றிப் பேசியது. அதையொட்டிய மாதிரி விதிகள், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஈரக்குமிழ் 30 செல்ஷியஸைத் தாண்டக்கூடாது, காற்றும் ஓடவேண்டும் என்றன. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்பிலும் வெப்பம், ஈரப்பதம் என்ற வார்த்தைகள் இருக்கின்றன. நான் வெளியே பார்த்த அதே காற்று ஷெட்டுக்குள் போய்ப் பத்து டிகிரி சூடேறினால், 28 என்பது 30 ஆகிவிடும். ஃபர்னஸ் வாயிலிருந்து முகத்தில் அடிக்கும் அனல் இந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியம். இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று சொல்ல ஓர் எண் வேண்டுமே? நுங்கம்பாக்கத்துப் பெட்டிக்குள் இருக்கும் எண், கும்மிடிப்பூண்டி ஷெட்டுக்குள் மயங்கி விழுந்தவருக்காக எப்படிச் சாட்சி சொல்லும்?

‘இத எடுத்துட்டுப் போய் உள்ள மாட்டுங்களேன்’ என்று தெர்மாமீட்டரைக் கழற்றி நீட்டினேன்.

‘நா மாட்டுனா எதுக்கு மாட்டுனன்னு கேப்பாங்க சார். நீங்களே வெச்சிக்கிங்க’ என்றார். டீக்குக் காசும் அவர்தான் கொடுத்தார்.

எனவே என் விமர்சனத்தின் முடிவு. பத்திரிகைகள் ஃபாரன்ஹீட்டிலோ செல்ஷியஸிலோ, எதில் வேண்டுமானாலும் போடட்டும், ‘சதம்’ மட்டும் வேண்டாம். பக்கத்தில் ஈரக்குமிழ் என்று இன்னொரு எண்ணும் போடட்டும். ஃபர்னஸுக்கு தெர்மோகப்பிள் வாங்குகிற முதலாளிகள், ஆள் நிற்கிற இடத்தில் ஒரு மீன்தொட்டி தெர்மாமீட்டரும் மாட்டட்டும். விலை இரண்டு சிக்கன் பிரியாணிகூட ஆகாது. துணியை மட்டும் அடிக்கடி நனைக்க வேண்டும்.