மொகிலி மலை ஏறினா மே மாசமே வேற!

கத்திரி வெயில்ல பலமனேருக்குப் போங்கன்னு நான் சொல்லாத ஆளே இல்லை. ஆபீஸ்ல, கல்யாணப் பந்தியில, ரயில்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்டன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, இப்போ உங்ககிட்டயும் சொல்றேன். ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்து மேற்கு ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 680 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ‘ஏழைகளின் ஊட்டி’ன்னு சும்மாவா பேர் வாங்கியிருக்கு!

ஒரே நாளில் மூணு விதமான கோடையைப் பார்த்துடலாம், அதுதான் விசேஷமே. முதல்ல, கிளம்புற இடமான சென்னை. குளிச்சுத் துவட்டும்போதே முதுகு நனையும். காற்றில் அவ்வளவு ஈரம் இருந்தா வியர்வை எங்கே காயும்? மத்தியானம் கடல்காற்று உள்ளே வந்தால் பிழைச்சோம். மேற்கேயிருந்து தரைக்காற்று பலமா அடிச்சு அதை நெருங்கவிடாத நாளில் வெயில் எகிறிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி, ஞாபகம் இருக்கா?

ராணிப்பேட்டை வந்ததும் காற்றே மாறிடும். பிசுபிசுப்பு போய் வறண்ட அனல். சட்டை காஞ்சிடும், ஆனா உதடு வெடிக்கும். சித்தூர் வரைக்கும் அதே கதைதான்.

அதுக்கப்புறம்தான் மொகிலி காட்! கொஞ்சம் கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க, பஸ் கியரை மாத்தி உறுமிக்கிட்டு வளைவு வளைவா ஏறுது, ரெண்டு பக்கமும் பாறைக் குன்று, நீங்க ஜன்னலோரம், இத்தனை நேரம் முகத்தில் அறைஞ்ச காற்று திடீர்னு சாதுவாகுது, அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் இளகுது, எனக்கு அந்த இடத்தில் கத்தணும்போல இருக்கும், கத்தியும் இருக்கேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார், சிரிக்கட்டுமே!

கணக்குப் பார்த்தா சித்தூருக்கும் பலமனேருக்கும் உயர வித்தியாசம் 350 மீட்டர்தான். அதுக்கு ரெண்டு டிகிரி குறையும், அவ்வளவே. ஆனா உடம்பு டிகிரியையா பார்க்குது? வியர்வை காயுதா, நிழல் நிழலா இருக்கா, ராத்திரி தூக்கம் வருதா, இதைத்தான் பார்க்கும். நடுப்பகலில் அங்கேயும் வெயில் சுள்ளுன்னுதான் இருக்கும், சரி, ஒத்துக்கிறேன். ஒரு எட்டு புளியமரத்தடிக்கு வைங்க, முடிஞ்சது!

பலமனேர் சுடுமண் வேலைக்குப் பேர் போன ஊர். ரோட்டோரம் பானை விக்கிற அக்கா ஒருத்தங்க, நான் மூச்சு வாங்குறதைப் பார்த்து, “தாகு நாயனா” (குடிப்பா)ன்னு தெலுங்கில் சொல்லிச் சொம்பை நீட்டினாங்க. பானையோட வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தா நீர் கசிஞ்சிருந்தது. வறண்ட காற்று அந்த ஈரத்தை விடாம உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச உள்ளே இருக்கிற தண்ணி குளிர்ந்துக்கிட்டே போகும். ஒரே மூச்சில் குடிச்சேன், பல் கூசிடுச்சு, மே மாசத்துல, வெட்டவெளியில, பிரிட்ஜே இல்லாம! இன்னொரு சொம்பு கேட்டேன், அதுவும் காலி, நெஞ்சுக்குள்ள அந்தக் குளிர் இறங்கின தடம் தெரியுது, மண்வாசனை மூக்கு வரைக்கும் ஏறுது, அக்காகிட்ட தமிழும் தெலுங்கும் கலந்து என்னென்னவோ உளறி நன்றி சொன்னேன், அவங்களுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. பொழுது சாய்ஞ்சதும் பாருங்க, மேகமில்லாத வானம், ஈரமில்லாத காற்று, பகல் சூடு மளமளன்னு வெளியேறிடும். சூடா ராகி சங்கட்டி, நாட்டுக்கோழிப் புளுசு, மொட்டைமாடியில் பாய். விடியற்காலையில் போர்வையைத் தேடுறேன், சாமி சத்தியமா தேடுறேன்!

அதிர்ஷ்டம் இருந்தா சாயங்காலம் இடியோட கோடை மழையும் கொட்டும். அதைப் பத்தித் தனியா எழுதணும்.

காலையில் சென்னையில் கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு பலமனேர். ஊர் திரும்பும்போது பானை ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஆனா கடலோர ஈரக் காற்றில் அது அங்கே மாதிரி குளிராது. நான் வாங்கி வெச்சுப் பார்த்துட்டேன். அந்தத் தண்ணிக்கு மறுபடியும் மொகிலி ஏறித்தான் ஆகணும், நான் அடுத்த வாரமே ஏறப்போறேன், வர்றீங்களா?