இருநூற்றுக்குள் ஓர் ஊர்

ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து அறைக்கு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். சாப்பிட்ட கையோடு தூக்கம் வராது. அந்த நேரத்தில்தான் ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டின் எடிட்டரைத் திறப்பேன். மேலாளராக ஆடியதைவிட அதன் தரவுத்தளத்தைத் திருத்தியதில்தான் எனக்கு அதிக இரவுகள் போயிருக்கின்றன. அதனால் இந்தப் பழக்கத்தின் நிறைகுறைகளைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

வீரரின் வேகம், பாஸ், பந்தை அடக்கும் திறமை எல்லாவற்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். அவற்றுக்கு மேல் இரண்டு பெரிய எண்கள்: இன்றைய திறன், எட்டக்கூடிய உச்சத் திறன். இரண்டுக்கும் எல்லை 200. திருத்தியதைச் சேமித்துப் புதிய ஆட்டம் தொடங்கினால்தான் பலன்; பாதியில் நிற்கும் ஆட்டத்தை அது தொடாது.

இதன் பெரிய நன்மையைப் பெயர்களில் பார்க்கலாம். காரைக்குடி பக்கத்துக் கண்டனூரிலிருந்து வந்து, 2022-ல் டூரண்ட் கோப்பை வென்ற பெங்களூரு எஃப்சி அணியில் ஆடியவர் சிவசக்தி நாராயணன். தரவுத்தளம் முதற்பெயர், இரண்டாம் பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டுகிறது. இரண்டாவதை அது குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. நம் வழக்கில் அங்கே நிற்பது பெரும்பாலும் அப்பா பெயர். மகன் அடித்த கோலை ஆட்டத்தின் செய்தி அப்பா கணக்கில் எழுதிவிடும். எடிட்டரில் பொதுப்பெயருக்கென்று மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ‘சிவசக்தி’ என்று எழுதினால் கோல் அடித்தவர் பெயருக்கே போய்ச்சேரும். இப்படித் தமிழ் வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்த இரவில் எனக்குக் கிடைத்த நிறைவை எந்தக் கோப்பையும் தந்ததில்லை.

எங்கள் ஊர்ப் பையனை எழுதும்போது இந்த வேலை இன்னும் நுணுக்கமாகிறது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று வளர்கிறவன் அவன். பெங்களூரின் கண்டீரவா மைதானம் அவனுக்கு 40 கிலோமீட்டர். சென்னை 300-க்கும் மேல். மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் பிறந்தவன் அந்தப் பக்கம் போய்ப் பயிற்சி எடுப்பது இங்கே சாதாரணம். மூன்று மொழிகளையும் அவன் பெயரில் பதிய எடிட்டர் இடம் தருகிறது.

மறைந்த சங்கத்துக்கும் அது இடம் தரும். சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். சில ஆண்டுகளிலேயே அந்த அணி லீகிலிருந்து காணாமல் போனது. அதை மறுபடி பட்டியலில் சேர்ப்பதை நான் ஏமாற்று வேலையாக நினைக்கவில்லை. நடந்ததை நினைவில் வைத்திருக்கும் வழி அது.

தவறு தொடங்குவது உச்சத் திறன் கட்டத்தில். ஓசூருக்கு ஒரு சங்கம் உருவாக்கியபோது 16 வயது இடது விங்கர் ஒருவனைக் கற்பனையாகச் சேர்த்தேன். அந்தக் கட்டத்தில் -10 என்று எழுதினால் 170-க்கும் 200-க்கும் இடையில் ஏதோவொன்றை ஆட்டமே கொடுக்கும். எழுதினேன். அவனோடு சேர்த்து இன்னும் பத்துப் பேருக்கும் அதையே எழுதினேன். சில பருவங்களிலேயே ஆசியாவில் எங்களை எதிர்க்க ஆளில்லை. மூன்றாவது கோப்பையின்போது மேட்சைப் பார்க்காமல் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தேன். தோற்க வழியில்லாத அணியின்மேல் பாசம் நிற்காது என்று அன்று புரிந்தது.

ஊர்ப் பாசத்தில் எண்ணை ஏற்றுவது சொந்தக் கணினியோடு நின்றால் பரவாயில்லை. இதே தொடரின் முந்தைய வடிவமான சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02-ல், போர்ச்சுகலின் சின்னச் சங்கமான கோவேயாவில் டோ மடெய்ரா என்றொரு முன்கள வீரர் கோல் மழை பொழிந்தார். அப்படியொரு நட்சத்திரம் நிஜத்தில் இல்லை. தரவு சேகரித்தவரே சேர்த்துவிட்ட பெயர் அது. இந்தத் தொடரின் தரவுத்தளத்தை, வீரர்களைத் தேடுவதற்காகப் பயன்படுத்த, 2008-ல் இங்கிலாந்தின் எவர்டன் சங்கம் ஒப்பந்தம் போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கவலை வருகிறது. அளந்த எண்ணும் ஆசைப்பட்ட எண்ணும் கட்டத்துக்குள் ஒரே மாதிரிதான் தெரியும்.

நாட்டின் இளையோர் தரம் என்ற எண்ணும் எடிட்டரில் உண்டு. இந்தியாவுக்கு அதை உயர்த்திவிட்டால் ஆண்டுதோறும் திறமைசாலிகள் முளைப்பார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரே மைதானத்தில் நான்கு டென்னிஸ் பால் கிரிக்கெட் மேட்ச் நடக்கும். மூலையில் இரண்டு செங்கல்லைக் கோல்போஸ்ட்டாக வைத்துப் பையன்கள் பந்து உதைப்பார்கள். தரத்தை உயர்த்தும்போது அந்தச் செங்கற்களை நான் மறைத்துவிடுகிறேன். சங்கத்தின் பயிற்சி வசதிக்கும் 20-க்கு ஒரு மதிப்பெண் இருக்கிறது. அங்கே 2 போட்டு, ஆட்டத்துக்குள் காசு சேர்த்து ஒவ்வொரு படியாக உயர்த்துவதுதான் எங்கள் ஊருக்குச் செய்யும் நியாயம் என்று படுகிறது.

எடிட்டரில் நான் மதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. தெரியாத திறனுக்கு 0 என்று விட்டுவைத்தால் ஆட்டமே ஏதாவது நிரப்பிக்கொள்ளும். போன மாதம் பழைய ஃபைலை அழித்துவிட்டு அந்த விங்கரை மறுபடி எழுதினேன். பிறந்த ஊர், மூன்று மொழிகள், இடது கால். மற்ற கட்டங்களில் எல்லாம் 0. இப்போது இரண்டாவது பருவம் ஓடுகிறது. பையன் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு மேட்சையும் முழுதாகப் பார்க்கிறேன்.