கோவூர்கிழார் செய்த சந்து

புறநானூற்று 45ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் பலர், போர் தீது, அமைதி நன்று என்ற அளவில் அதன் பொருளை முடித்துவிடுகின்றனர். கோவூர்கிழார் போர் தீதென்று அதில் ஓரிடத்தும் கூறினாரல்லர்.

நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்கிறான். நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருக்கிறான். இருவரும் சோழர். புலவரின் கண் கண்ணியின்மேற் செல்கிறது. எதிர்நிற்பவன் சூடியது பனந்தோடு அன்று, வேம்பும் அன்று. நீ சூடியது ஆத்தி. அவன் சூடியதும் ஆத்தியே. யார் தோற்பினும் தோற்பது ஒரே குடி. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ‘நின்’ என்று ஒருமையில் தொடங்கிய பேச்சு, குடியைச் சொல்லும் இடத்தில் ‘நும்’ என்று பன்மையாகிறது. ஒருவனிடம் சொல்லத் தொடங்கியவர், சொல்லிக்கொண்டே இருவரையும் தம்முன் நிறுத்திவிடுகிறார். அரியணை எவனுக்குரியது என்ற வழக்கை அவர் தொடவேயில்லை. தொட்டிருந்தால் ஒருவன் செவி அப்பொழுதே அடைத்திருக்கும்.

சந்து செய்விப்போன் முற்றிலும் அயலானாதல் வேண்டும் என்பர் இக்காலத்தார். கோவூர்கிழார் அயலாரல்லர். நலங்கிள்ளியைப் புகழ்ந்து அவர் பாடிய பாட்டுகள் அதே தொகையில் பல உள. மிந்தனாவோப் போரில் நடுவராய் நின்ற மலேசியாவின் நிலையும் இத்தகையதே. சாபாவின்மேல் பிலிப்பைன்சுக்குப் பழைய உரிமைக்கோரிக்கை ஒன்றுண்டு. 1970களில் அப்போரினின்று தப்பிய அகதிகள் சாபாவிலேயே வந்து இறங்கினர். அவ்வாறிருந்தும், 2001 முதல் பிலிப்பைன்சு அரசும் மோரோ இசுலாமிய விடுதலை முன்னணியும் பேசுவதற்கு மலேசியா துணைநின்றது. 2004இல் அதன் தலைமையில் பன்னாட்டுக் கண்காணிப்புக் குழுவும் மிந்தனாவோ சென்றது. பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழர் அந்நாளில் நார்வேயைப் பற்றி ஓயாது பேசினர். கோலாலம்பூரிலேயே நடந்த சந்து அவர்களுள் பலருக்குச் செய்தியாகவும் எட்டவில்லை.

2008 ஆகத்து 5இல் கோலாலம்பூரில் நில உரிமை உடன்பாடு கையெழுத்தாக வேண்டியிருந்தது. முந்தின நாளே பிலிப்பைன்சு உச்ச நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அக்டோபரில் அரசியலமைப்புக்கு மாறானதென்று தள்ளிற்று. போர் மீண்டது, இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். மேசையில் இருந்த இருவரும் இசைந்தது ஊராருக்குச் சொல்லப்படாமலே இருந்தது.

இவ்விடத்தில் 44ஆம் பாட்டை எடுத்துப் பார்த்தல் தகும். ஆவூரில் அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்குப் பாடியது அது. கவளம் பெறாத யானை, பாலின்றி அழும் குழவி, பூவின்றிக் கூந்தல் முடிக்கும் மகளிர், நீரற்ற மனைகள் என்று முற்றுகையின் துயரம் முழுதும் அதில் உண்டு. 45இல் இவர்களில் ஒருவரும் இல்லை. இரு மன்னரும் இரு கண்ணியுமே உள்ளனர். பாடநூலார் 45ஐத் தனியே பிரித்தெடுப்பது இதனாலேயே குறையுடைத்து.

2009இல் பிற நாடுகளும் தொண்டமைப்புகளும் சேர்ந்த தொடர்புக் குழு ஒன்று பேச்சில் அமர்த்தப்பட்டது. 2012இல் சட்டக உடன்பாடும், 2014 மார்ச்சு 27இல் முழு உடன்பாடும் கையெழுத்தாயின. அதன்பின் 2018இல் நாடாளுமன்றச் சட்டமும், 2019இல் மக்கள் வாக்கெடுப்பும் வந்தன. மக்களிடம் கேட்கும் வேலை கடைசியில்தான் நடந்தது, ஆயினும் நடந்தது.

இலங்கையில் அது நிகழவில்லை. நார்வே தொலைநாடு, கோரிக்கை ஏதும் இல்லாத நாடு. 2002 பிப்ரவரி 22இன் போர்நிறுத்தத்தை நோர்டிக் நாடுகள் ஐந்தும் கண்காணித்தன. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்யவே, அவ்வொன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டாரும் வெளியேற வேண்டுமென்று புலிகள் கேட்டனர். 2008 சனவரியில் அரசே உடன்படிக்கையினின்று விலகிற்று. பழியை நார்வேயின்மேல் மட்டும் ஏற்றுவது முறையன்று. ஆயினும் அயன்மை ஒன்றே நடுவனுக்குத் தகுதி ஆகாதென்பது அங்கே தெளிவாயிற்று.

கோவூர்கிழாரின் சந்தும் நிலைத்ததென்று சொல்வதற்கில்லை. 47ஆம் பாட்டின் அடிக்குறிப்பு நெடுங்கிள்ளியைக் காரியாற்றுத் துஞ்சியவன் என்கிறது. உறையூரில் அடைத்திருந்தவனும் அவனே என்று கொண்டால் பகை தொடர்ந்தது என்றே ஆகும். ஆனால் அந்த 47ஆம் பாட்டு பிறந்த இடத்தையும் நோக்குக. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கொல்லப் புகுகிறான் நெடுங்கிள்ளி. அவனிடம் சென்று பாடி அப்புலவனை மீட்பவர், நலங்கிள்ளியைப் பாடிய அதே கோவூர்கிழார்.