பங்களாவை ரசிப்பது எப்படி?

இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையில், மாடிப்படி ஏறும் சிரமம் வேண்டாமென்று உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் வாங்கிக்கொள்ளும் தரைமட்ட வீடும், சிங்கப்பூரில் 1,400 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் கோடீசுவரர் எழுப்பும் இரண்டு மாடி மாளிகையும், நீலகிரியில் தேயிலைச் சரிவின் உச்சியில் நிற்கும் துரையின் ஜாகையும் ஒரே பெயரால் வழங்குகின்றன என்றால், அந்தப் பெயர் நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்திருக்கவேண்டும் என்று ஊகிப்பது கடினமல்ல. நாம் பங்களா என்றும் ஆங்கிலேயர் பங்கலோ என்றும் சொல்லும் அச்சொல்லுக்கு மூலத்தில் ‘வங்காளத்து’ என்பதற்கு மேல் விசேஷ அர்த்தம் ஒன்றும் கிடையாது. வங்காளக் குடியானவனின் மூங்கில் குடிசைக்கு வெளியார் இட்ட பெயர் அது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் கப்பல் ஊழியருக்குப் போட்டுக்கொடுத்த குடில்களைப் பற்றிய குறிப்பில் அது ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. இத்தகைய சொற்களின் பூர்வோத்தரங்களைத் திரட்டி 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியின் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்துகொண்டே சரஸ்வதி மஹாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர் என்பதும், அகராதி அச்சேறி வருமுன் 1882-இலேயே காலமாகிவிட்டார் என்பதும் நம் பக்கத்து வாசகர் அறியத்தக்கவை.

பங்களாவை ரசிக்கப் புகுகிறவர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்கவேண்டும். இடைவிடாது பொழியும் மழையை உடனுக்குடன் வடித்துவிடவேண்டிய அவசியத்தால், வங்காளத்துக் குடியானவன் மூங்கிலை வளைத்து, முகடு நடுவில் உயர்ந்தும் இரு கோடிகளிலும் தாழ்ந்தும் வருமாறு வைக்கோல் வேய்ந்தான். அந்த வளைவின் லாவண்யத்தில் மயங்கிய ஷாஜஹான் 1633-இல் லாகூர்க் கோட்டையின் நவ்லாக்கா மண்டபத்துக்கு அதையே சலவைக்கல்லில் சமைத்தான். வங்காளத்தில் விஷ்ணுபுரத்தை ஆண்ட மல்ல ராஜா ரகுநாத சிங்கன், இரண்டு குடிசைகளை ஒட்டவைத்தாற்போன்ற அமைப்பில், சுடுமண் சிற்பங்கள் நிறைந்த ஜோட் பங்களாக் கோயிலை 1655-இல் எழுப்பினான். மூங்கில் வளையாமல் தீராது. கல்லுக்கோ வளையவேண்டிய நிர்ப்பந்தம் எதுவுமில்லை. காரணம் நீங்கிய பின்னும் ரூபம் மட்டும் அழகின் பலத்தினால் நிலைத்துவிட்டதே, அதைக் கண்டுகொள்வதில்தான் இக்கட்டடங்களின் ரஸம் இருக்கிறது. லாகூருக்கும் விஷ்ணுபுரத்துக்கும் போக இயலாதவர் அவற்றின் படங்களையாவது அருகருகே வைத்துப் பார்ப்பது நலம்.

வெள்ளைக்காரருக்கு அந்த வளைவில் சிரத்தை இருக்கவில்லை. அவர்கள் முகட்டை நேராக்கிவிட்டு, நாற்புறமும் தாழ இறங்கும் இறவாரத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு, அதன் நிழலில் வராந்தாவை ஓடவிட்டார்கள். ஆகையால் கம்பெனிக் காலத்து மரபில் வந்த பங்களா எதையும் உச்சிவேளையில் சென்று காண்பதே உசிதம்: வராந்தாவில் நின்று, வெயில் எந்த மட்டும் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள், சுவரைத் தொடாமல் திரும்பினால் கட்டியவன் சூரியனை அறிந்தவன். பிறகு முன்வாசலில் நின்றபடியே பின்வாசல் தெரிகிறதா என்று பாருங்கள். கதவுகளை ஒரே நேர்க்கோட்டில் வைத்தது காற்றுக்காக. விட்டத்தை ஒட்டி உயரத்தில் இருக்கும் சிறு ஜன்னல்கள், மேலே திரளும் உஷ்ணம் வெளியேறுவதற்காக. சமையற்கட்டு ஏன் வீட்டோடு சேராமல் புழக்கடையில் தனித்து நிற்கிறது என்று கேட்டால், புகைக்கும் தீக்கும் பயந்து என்று ஒரு விடை வரும். சமைப்பவர்கள் கண்ணில் படவேண்டாம் என்பதையும் அந்த விடையோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். வீட்டைச் சுற்றிய விசாலமான வெளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் காம்பவுண்டு என்ற பெயர் கிராமத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கொள்கை. வெளிக்குரிய பெயரை நாம் அதை வளைத்த மதிலுக்குச் சூட்டிவிட்டோம்.

பங்களா இங்கிலாந்துக்குப் போன கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1870-ஐ ஒட்டி ஜான் டெய்லர் என்னும் கட்டடக்கலைஞர் கெண்ட் கடற்கரையின் வெஸ்ட்கேட்டிலும் பர்ச்சிங்டனிலும் கடற்காற்று வாங்க வருவோருக்காகப் பங்களாக்கள் கட்டினார். கவிஞரும் ஓவியருமான ரோஸெட்டி 1882-இல் உயிர்நீத்தது பர்ச்சிங்டன் பங்களா ஒன்றில்தான். நாளடைவில் அத்தேசத்தில் வராந்தா சுருங்கி மறைந்து, மாடி இல்லாமை ஒன்றே லட்சணமாக எஞ்சிவிட்டது. வராந்தா இல்லாததைப் பங்களா என்று ஒப்ப எனக்கு மனம் வருவதில்லை.

அமெரிக்கர் இவ்விஷயத்தில் தேர்ந்த ரஸிகர். கலிபோர்னியாவின் பாசடீனாவில் கட்டடக்கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1908-இல் கேம்பிள் குடும்பத்துக்காக வரைந்த வீடு மூன்று தளங்கள் கொண்டதாயினும், ஆழ்ந்த இறவாரத்தாலும், இரவில் காற்றாடப் படுத்துறங்கும் திறந்த தாழ்வாரங்களாலும், ஒளித்து மறைக்காமல் காட்சிக்கு வைத்த மரப் பொருத்துகளாலும் பங்களாக்களின் சிகரம் என்று கொண்டாடப்படுகிறது. அதே 1908-இல் ஸீயர்ஸ் கம்பெனியார் தபாலில் வீடு விற்கத் தொடங்கினர். விலைப்பட்டியலில் பார்த்துப் பணம் அனுப்பிய சாமான்ய கிருஹஸ்தருக்கு, மரமும் ஆணியும் வரைபடமும் ரயிலில் வந்து இறங்கின.

நம் தேசத்திலோ அதிகாரம் எங்கே தங்கியதோ அங்கே பங்களா இருந்தது. சுற்றுப்பிரயாணம் செய்யும் உத்தியோகஸ்தர் இறங்கிச் செல்ல முசாபரி பங்களா. தோட்டத்தை நிர்வகிக்கப் பெரிய துரை பங்களா. இலங்கை மலைநாட்டிலும் இருந்த இத்தகைய துரை பங்களாக்கள் பல இன்று விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. அங்கே தங்கப் போகிறவர்கள் பழைய கணப்பையும் ரோஜாப் பாத்திகளையும் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தால், அது எந்தத் திசையை நோக்கிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். பெரும்பாலும் கீழே கொழுந்து பறிக்கும் சரிவும், தமிழ்த் தொழிலாளர் குடும்பம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10-க்கு 12 அடி அறையில் அடங்கி வாழ்ந்த லய வரிசையும் அங்கிருந்து தெரியும். லயத்து வாசலில் வந்து நின்றாலும் பங்களா தெரியும். ஆனால் அங்கே நிற்க வராந்தா என்று சொல்லும்படி எதுவும் பெரும்பாலும் இராது, ஒரு முழ அகலத் திண்ணையைத் தவிர.