பெயரும் முடிச்சும்: அப்பிள் – எச்.பி. ஒப்பந்தம் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

ஓர் ஆக்கத்துக்கும் அதன்மீது பொறிக்கப்படும் பெயருக்கும் இடையிலான உறவு யாது என்பது தமிழிலக்கியம் பயில்வோருக்குப் புதிய வினாவன்று. ஔவையார் என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு காலத்துப் புலவர் பலரின் பாடல்கள் வழங்கிவருவதை நாம் அறிவோம். குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்துபோக, அவர்தம் பாடலில் அமைந்த தொடரே செம்புலப்பெயனீரார் என்றாற்போலப் பெயராகி நிலைத்ததையும் அறிவோம். முன்னதிற் பெயர் ஆக்கங்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. பின்னதில் ஆக்கமே ஆக்கியோனுக்குப் பெயரிட்டது. கைத்தொழிற் பண்டங்களின் உலகில் இவ்வினா வேறொரு வடிவம் பெறுகின்றது. அங்கே பெயர் விலை மதிக்கப்படுவது. ஒப்பந்தத்தின்பேரில் இரவல் கொடுக்கவும் வாங்கவும் படுவது. ஒருவர் ஆக்கிய பொருளின்மீது அவருடைய போட்டியாளரே தமது பெயரைப் பொறித்து விற்பதும் அங்கு நிகழக்கூடியதே. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை ஆராய்ந்து, அதுபற்றி நிலவும் தீர்ப்பு ஏற்புடையதா என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2004 ஜனவரி 8ஆந் திகதி, லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற நுகர்வோர் இலத்திரனியற் கண்காட்சியில், ஹியூலற் பக்காட் எனப்படும் எச்.பி. கம்பனியின் தலைவி கார்லி பியோரினா ஓர் அறிவித்தலை விடுத்தார். அப்பிள் கம்பனியின் ஐபொட் என்னும் கையடக்க இசைக்கருவியை எச்.பி. தன் பெயரில் விற்கும், எச்.பி.யின் வீட்டுப் பாவனைக் கணினிகளில் அப்பிளின் ஐரியூன்ஸ் மென்பொருள் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும் என்பன அதன் சாரம். இவை இரண்டும் கணினி விற்பனையில் எதிரெதிரே நின்ற கம்பனிகள். எச்.பி. மைக்ரோசொப்ற் கம்பனியின் விண்டோஸ் அணியில் முதன்மை வகித்தவற்றுள் ஒன்று. அப்பிளோ அவ்வணிக்குப் புறம்பாகத் தன் மக்கின்ரொஷ் கணினியுடன் தனித்து நின்றது. ஆகவே இவ்வறிவித்தல் வியப்போடு நோக்கப்பட்டது.

கண்காட்சியிற் காட்டப்பட்ட மாதிரி நீல நிறத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் எச்.பி. அறிமுகஞ்செய்த கருவியோ அப்பிளின் வெண்ணிறத்தையே கொண்டிருந்தது. எச்.பி.யின் இலச்சினை அதன் பின்புறத்தே இடம்பெற்றது; பெயரும் ‘எச்.பி. வழங்கும் அப்பிள் ஐபொட்’ என்றே அமைந்தது. 20 கிகாபைற் கொள்ளளவுடையது 299 டொலர், 40 கிகாபைற் கொள்ளளவுடையது 399 டொலர் என்னும் விலையும் அப்பிள் தானே விற்ற கருவிக்குரிய விலைதான். உத்தரவாதமும் பழுதுபார்க்கும் பொறுப்பும் எச்.பி.யைச் சார்ந்தன. 2005 பெப்ரவரியிற் பியோரினா பதவி நீக்கப்பட்டார். அவ்வாண்டு ஜூலை இறுதியில், விற்பனை தொடங்கி ஓராண்டு நிறையுமுன்னரே, புதிய தலைவர் மார்க் ஹர்டின் காலத்தில், இவ்விற்பனையைக் கைவிடுவதாக எச்.பி. அறிவித்தது. அப்போது விற்பனையான ஐபொட்டுகளில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே எச்.பி.யின் வழியாகச் சென்றதெனப் பத்திரிகைகள் மதிப்பிட்டன.

இந்நிகழ்ச்சி பற்றிய வழக்கமான தீர்ப்பு எளிமையானது: ஸ்டீவ் ஜொப்ஸ் கெட்டிக்காரர், பியோரினா ஏமாந்தவர். 2015இல் பியோரினா அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராகக் குடியரசுக் கட்சிக்குள் போட்டியிட்டபோது, இக்கதை அந்நாட்டுப் பத்திரிகைகளில் மீளவும் கூறப்பட்டது. அதிற் பொய்யில்லை, ஆயினும் போதிய விளக்கமுமில்லை. வரலாற்றைத் தலைவர்களின் சாமர்த்தியத்தாலும் மடமையாலும் விளக்க முற்படுவது, அரசர் வரிசையை நாட்டு வரலாறெனக் கொள்வதைப் போன்றதே. ஒரு கம்பனி ஏமாறத்தக்க நிலைக்கு எவ்வாறு வந்துசேர்ந்தது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை.

வேறு சிலர், பிறர் செய்த பொருளுக்குத் தம் பெயரிட்டு விற்றதே பிழையின் மூலம் என்பர். இக்கருத்தும் நிலைபெறாது என்பதற்கு எச்.பி.யின் வரலாறே சான்று தருகின்றது. 1984இல் அக்கம்பனி வெளியிட்ட லேசர்ஜெற் அச்சுப்பொறியின் உள்ளே இயங்கிய பொறி யப்பானின் கெனன் கம்பனி செய்தது. மைப்பொடிப் பேழையும் கெனனுடையதே. கெனனோ தன் பெயரிலும் அச்சுப்பொறி விற்ற கம்பனி, அவ்வகையிற் போட்டியாளர். 1985இல் அப்பிள் வெளியிட்ட லேசர்ரைற்றர் அச்சுப்பொறியிலும் அதே பொறியே இருந்தது. எனினும் லேசர்ஜெற் எச்.பி.யின் பெருஞ் சொத்தாகியது. கெனனுடனான உறவும் பல தசாப்தங்கள் நீடித்தது.

அவ்வாறாயின் 1984இல் வெற்றியளித்த முறை 2004இற் தோல்வியுற்றதேன்? இவ்விடத்திற்றான் ஒப்பியல் நோக்கு உதவுகின்றது. லேசர்ஜெற்றிற் பொறி கெனனுடையதாயினும், அப்பொறியை இயக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றும், கணினி அதற்கு ஆணையிடும் மொழியும் எச்.பி.யின் ஆக்கங்கள். கணினிக்கும் தாளுக்கும் இடையிலான தொடர்பு எச்.பி.யின் கையில் இருந்தது. மென்பொருள் எழுதுவோர் எச்.பி.யின் மொழியைக் கருத்திற்கொண்டே எழுதலாயினர். பல உறுப்புகளை ஒன்றாகப் பிணைக்கும் இடத்தை முடிச்சு எனக் கொண்டால், அச்சுப்பொறியில் அம்முடிச்சு பெயருக்குரியவரின் கையில் இருந்தது. பெயர் பொருளின்மீது ஒட்டப்பட்ட தாளன்று. அது ஒரு பொறுப்பையும் ஓர் அறிவையும் குறித்தது.

ஐபொட்டின் முடிச்சு எங்கே இருந்தது? 2001 ஒக்ரோபர் 23ஆந் திகதி அறிமுகஞ்செய்யப்பட்ட முதல் ஐபொட்டை நுணுகி நோக்கின், அதுவும் தனியொரு கம்பனியின் ஆக்கமன்று என்பது புலனாகும். அதன் உயிர்நிலையான 1.8 அங்குல வன்தட்டு யப்பானின் தோஷிபா செய்தது. சில்லும் அடிப்படை வடிவமைப்பும் போட்டல்பிளேயர் என்னும் சிறு கம்பனியிடமிருந்து வந்தன. திரையில் தோன்றும் பட்டியல்களுக்கான மென்பொருளுக்குப் பிக்சோ என்னும் மற்றொரு கம்பனி அடித்தளம் அளித்தது. பாகங்களைப் பொருத்தியது தாய்வானின் இன்வென்ரெக். இவ்வளவு பேரின் உழைப்பையும் ஒரு வெண்ணிறப் பெட்டிக்குள் மறைத்து, ‘அப்பிள்’ என்னும் ஒரு சொல் முன்னிற்கின்றது. உழைக்கும் மனிதருக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்கின்றது என மார்க்ஸ் 1867இல் மூலதனத்தின் முதற் பாகத்திற் காட்டிய உண்மைக்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது. ஆகவே ‘ஆக்கிய அப்பிள், பெயரொட்டிய எச்.பி.’ என்னும் எதிர்நிலையை நாம் அப்படியே ஏற்கவியலாது.

ஆயினும் அப்பிள் ஒன்றைத் தன் கையிற் பற்றியிருந்தது. உறுப்புகளை ஒன்றிணைத்த வடிவமைப்பு அதனுடையது. கணினியிலிருந்து பாடல்களைக் கருவிக்கு அனுப்பும் ஐரியூன்ஸ் அதனுடையது. 2003 ஏப்ரல் 28ஆந் திகதி தொடங்கப்பட்டுப் பாடலொன்றை 99 சதத்துக்கு விற்ற இணையவழி இசைக்கடை அதனுடையது. அக்கடையில் வாங்கிய பாடல்களைப் பிறர் கருவியில் ஒலிக்கவிடாத மென்பொருட் பூட்டும் அதனுடையதே. 2009இலேயே அப்பூட்டு இசையினின்றும் நீக்கப்பட்டது. கருவி, கணினி, கடை ஆகிய மூன்றும் சந்திக்கும் முடிச்சு அப்பிளின் பிடியிலிருந்தது. எச்.பி.யின் இலச்சினை பொறித்த ஐபொட்டை ஒருவர் வாங்கினும், அவர் பாடல் வாங்கச் சென்ற கடை அப்பிளுடையது. சேர்த்த பாடல்கள் பூட்டப்பட்டதும் அப்பிளின் பூட்டாலேயே. அடுத்த கருவியை வாங்கும்போது அவர் எச்.பி.யிடம் திரும்பிவர வேண்டிய காரணம் எதுவுமில்லை. அப்பிளிடம் செல்லக் காரணங்கள் பல.

இனி, எச்.பி. கொடுத்தவை யாவை என நோக்குவோம். முதலாவது, தனது விற்பனை நிலையங்களின் அடுக்குகள். இரண்டாவது, தனது கணினிகளின் திரை. விண்டோஸ் கணினிக்குரிய ஐரியூன்ஸ் 2003 ஒக்ரோபரிலேயே வெளிவந்திருந்தது. அதனை இலட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வழி அப்பிளுக்குத் தேவைப்பட்டது. மைக்ரோசொப்ற் தன் சொந்த இசைக்கோப்பு முறையைப் பரப்ப முயன்றுகொண்டிருந்த வேளையில், அதன் முதன்மைத் தோழரின் கணினியிலேயே அப்பிள் இடம்பிடித்துக்கொண்டது. மூன்றாவதே மிகவும் கனமானது: ஒப்பந்தத்தின்படி, 2006 ஆகஸ்ட் வரை எச்.பி. போட்டியான இசைக்கருவி எதனையும் விற்கலாகாது. விற்பனையைக் கைவிட்ட பின்னரும் ஓராண்டுக்கு மேலாக இத்தடை நின்றது. சுருங்கக் கூறின், எச்.பி. தன் வாசலையும் தன் மௌனத்தையும் கொடுத்துப் பெற்றுக்கொண்டது தன் பெயரைப் பொறிக்கும் உரிமையை மட்டுமே.

அக்கருவிக்கு எச்.பி. தானாகச் சேர்த்த ஒன்றும் இருந்தது. எச்.பி. அச்சுப்பொறியிற் படம் அச்சிட்டு ஐபொட்டின்மீது சுற்றி ஒட்டக்கூடிய தனிவகைத் தாள்களை அது விற்றது. அவற்றுக்குப் பச்சைகுத்தல் என்றே பெயருமிட்டது. 1999இற் பியோரினா தலைமையேற்றதன் பின்னர் எச்.பி.யின் இலச்சினைக்குக் கீழே ‘கண்டுபிடி’ எனப் பொருள்படும் சொல் சேர்க்கப்பட்டிருந்தது. அச்சொல்லுக்கும் அத்தாளுக்கும் இடையிலுள்ள தூரமே இக்கம்பனியின் நெருக்கடி.

‘எச்.பி.யால் வேறென்ன செய்திருக்க முடியும்?’ என ஒருவர் வினவலாம். சொந்தக் கருவி செய்யக் காலமும் பணமும் வேண்டும். ஐபொட்டோ சந்தையை வென்றுவிட்ட பொருள். எனவே வென்றவருடன் சேர்வதே விவேகம் என்பது அவ்வாதம். இவ்வாதம் நியாயமானதாகவே தோன்றும், ஓர் உண்மையை நாம் அறியாதவரை. வன்தட்டைக் கொண்டு இயங்கி விற்பனைக்கு வந்த முதற் கையடக்க இசைக்கருவி ஐபொட் அன்று. கலிபோர்னியாவின் பாலோ அல்ரோ நகரில், டிஜிற்றல் எக்குவிப்மென்ற் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1998இல் அதற்கான பணி தொடங்கியது. அவ்வாண்டே அக்கம்பனியைக் கொம்பக் வாங்கியது. ஆய்வாளர் உருவாக்கிய கருவியைக் கொம்பக் தானே விற்கவில்லை. கொரியக் கம்பனி ஒன்றுக்கு உரிமம் வழங்கியது. 1999இன் இறுதியில் அது ‘பேர்சனல் யூக்பொக்ஸ்’ என்னும் பெயரிற் சந்தைக்கு வந்தது. ஏறக்குறைய நூறு இறுவட்டுகளின் இசை அதில் அடங்கியது. இது ஐபொட் தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு முன்னராகும். 2002 மே மாதத்திற் கொம்பக் கம்பனியை எச்.பி. தன்னுடன் இணைத்துக்கொண்டது. இணைப்பை நடத்தியவர் பியோரினாவே. ஆகவே 2004இல் லாஸ் வேகாஸ் மேடையில் பிறருடைய கருவியை உயர்த்திக் காட்டிய கம்பனி, அவ்வகைக் கருவியை முதன்முதற் செய்த ஆய்வுகூடத்தின் வாரிசாக இருந்தது.

இஃது ஒரு தற்செயல் எனில் இதனை வற்புறுத்தத் தேவையில்லை. ஆனால் இதற்கு முன்னும் பின்னும் இதே கோலம் தென்படுகின்றது. ஸ்டீவ் வொஸ்னியாக் எச்.பி.யின் ஊழியராக இருந்த காலத்தில் முதல் அப்பிள் கணினியை வடிவமைத்து, அதனை எச்.பி.க்கே முதலில் அளிக்க முன்வந்தார், எச்.பி. ஏற்கவில்லை. 1976இல் அப்பிள் தோன்றியது. பின்னர் 2010இல் எச்.பி. பாம் கம்பனியை 120 கோடி டொலருக்கு வாங்கியது. பாமின் தலைவராக அப்போதிருந்தவர், அப்பிளில் ஐபொட்டின் பொறியியற் பணிக்குத் தலைமை தாங்கிய ஜோன் ரூபின்ஸ்ரைன். அதன் பயனாக வெளிவந்த ரச்பாட் என்னும் கைக்கணினி 2011 ஜூலை 1ஆந் திகதி கடைக்கு வந்தது. ஆகஸ்ட் 18ஆந் திகதி, ஏழே வாரங்களிற் கைவிடப்பட்டது.

மூன்று சந்தர்ப்பங்களிலும் அறிவு அக்கம்பனியின் கூரையின்கீழேயே இருந்தது. அதனை ஆண்டது எச்.பி.; ஆனால் அதனை அறிந்தது எச்.பி. அன்று. உடைமைக்கும் அறிவுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைத் தனிமனிதரின் ஏமாளித்தனத்தால் விளக்கவியலாது. 2004இல் எச்.பி. விற்ற வீட்டுக் கணினியின் மூளை பெரும்பாலும் வேறொருவரின் சில்லு. அதன் மொழி மைக்ரோசொப்ற்றின் விண்டோஸ். பிறரின் உறுப்புகளைப் பெட்டியிலிட்டுப் பெயர் பொறிப்பதே நாளாந்தத் தொழிலாகிவிட்ட நிறுவனத்துக்கு, ஐபொட்டும் மற்றொரு பெட்டியாகவே தோன்றியிருக்கும். ஜொப்ஸின் சாமர்த்தியம் அப்பழக்கத்தை இனங்கண்டதில் அடங்கியதேயன்றி அதனை உருவாக்கியதில் அன்று.

அப்பிளின் முடிச்சும் நிரந்தரமானதன்று. ஆயினும் அதனை அவிழ்த்ததும் அப்பிளே: 2007இல் வெளியிட்ட ஐபோனுக்குள் ஐபொட்டை அடக்கிக்கொண்டு, 2022 மே மாதத்தில் ஐபொட் உற்பத்தி நிறுத்தப்படுவதைத் தானே அறிவித்தது. முடிச்சைப் பிடித்திருந்தவருக்கு அதனை அவிழ்த்து வேறொன்றிற் கட்டும் ஆற்றலும் இருந்தது. பெயரை மட்டும் வைத்திருந்தவருக்கு விற்பனை முடிந்த நாளில் எஞ்சியது வெற்றுப் பெயரே.

எனவே, போட்டியாளர் இருவர் கைகோக்கும்போது பொருளின்மீது யாருடைய பெயர் உள்ளது என்பது முதல் வினாவன்று. உறுப்புகளைப் பிணைக்கும் அறிவு யாரிடம் உள்ளது, ஒப்பந்தம் முடிந்தபின் அது யாரிடம் எஞ்சும் என்பனவே கேட்கப்பட வேண்டியவை. இவ்வினாக்கள் கம்பனிகளுக்கு மட்டும் உரியனவல்ல. பிறர் ஆக்கிய அறிவைத் தம் முத்திரையுடன் வழங்குவதையே பணியெனக் கொள்ளும் எந்த நிறுவனமும், பல்கலைக்கழகம் உட்பட, இவற்றுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டதே. பாலோ அல்ரோ ஆய்வாளரின் பெயரை எச்.பி.யின் ஐபொட்டை வாங்கியோர் அறிந்திலர்; அதனைவிட வருந்தத்தக்கது, அவர்களுடைய ஆக்கத்தை வாரிசாகப் பெற்ற நிறுவனமே அதன் பெறுமதியை உணராதிருந்தமையாகும்.