ஒரே டை, வேறு வேறு அளவு

மலேசியாவின் பந்திங்கிலிருந்து காரில் போனால் சிறிது நேரத்தில் மோரிப் கடற்கரை வந்துவிடும். 1945 செப்டம்பர் 9 அன்று 25-ஆவது இந்திய டிவிஷன் அங்கேதான் கரையிறங்கியது. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்ததால் சண்டை நடக்கவில்லை. ஆனாலும் கரையோரச் சேற்றில் வண்டிகள் பல புதைந்து நின்றன. அந்தக் காலத்து இந்தியச் சிப்பாயின் துப்பாக்கி லீ-என்ஃபீல்ட் 303. தோட்டாவில் சேறு ஒட்டியிருந்தாலும் உள்ளே போய் வெடிக்க வேண்டும் என்பதற்காக தோட்டா அமரும் அறையான அதன் சேம்பரைத் தாராளமாகக் குடைந்திருந்தார்கள். போர்க்களத்துக்கு அது சரியான முடிவு. பிற்காலத்தில் அதே துப்பாக்கியை இலக்குச் சுடும் விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டவர்களுக்கு, சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பும்போது, அந்தத் தாராளமே பெரிய சிக்கலாக வந்து நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் கூட்டை மறுபடி நிரப்புவது வீட்டில் வைத்துச் செய்யும் வேலை அல்ல. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்யவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. நான் பேசுவது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றி.

தோட்டாவின் கூடு ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. வெடிக்கும்போது அது விரிந்து சேம்பரின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. பிறகு கொஞ்சம் சுருங்கி விடுபடுகிறது. முழுதாகப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஆகவே அதை டை என்ற எஃகு அச்சுக்குள் அழுத்தி மீண்டும் சுருக்குகிறார்கள்.

பலரும் செய்வது, கூட்டை அடியிலிருந்து கழுத்துவரை புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கே சுருக்குவது. இதன் பலனை மறுக்க முடியாது. அந்தத் தோட்டா அதே ரகத்துத் துப்பாக்கி எதிலும் தடையின்றி நுழையும். வேட்டைக்குப் போகிறவருக்கு அதைவிட முக்கியம் எதுவும் இல்லை. ஆனால் லீ-என்ஃபீல்டில் இந்த முறை கூட்டைக் கொல்கிறது. 303 கூட்டைப் பிடித்து நிறுத்துவது அதன் அடி விளிம்புதான். கழுத்தை நோக்கிக் கூடு குறுகும் இடமான தோளுக்கு முன்னால் வெற்றிடம் கிடக்கிறது. சேம்பரை மூடும் போல்ட்டும் பின்பக்கம் பூட்டுவதால் அழுத்தத்தில் சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை முன்னால் ஓடுகிறது, டை அதைப் பின்னால் தள்ளுகிறது, அடியை ஒட்டிய சுவர் மெலிகிறது. சில சுற்றுகளில் அங்கே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். அதற்கு அடுத்த கட்டம், கூடு இரண்டாக அறுந்து முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடுவது. வெளியே பார்த்தால் எல்லாக் கூடும் ஒரே அளவு. உள்ளே ஒவ்வொன்றின் சுவரும் ஒவ்வொரு பருமன். இதைச் சீரான அளவு என்று எப்படிச் சொல்வது?

குறை 303 கூட்டினுடையது என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு முறை சுடுவதற்குச் செய்த பொருள் அது. கார்டைட் என்ற வெடிமருந்தின் இழைக்கட்டை உள்ளே வைத்த பிறகுதான் ஆலையில் கூட்டின் கழுத்தையே குறுக்கினார்கள்.

மாற்றாக வந்தது, கழுத்தை மட்டும் சுருக்கி உடலை அப்படியே விடும் முறை. சேம்பரின் வடிவத்தைக் கூடு வாங்கிக்கொள்வதால் பித்தளை ஓடுவது குறைகிறது. 303 கூட்டின் ஆயுள் கண்கூடாக நீள்கிறது. இதிலும் குறை உண்டு. உடல் சுற்றுக்குச் சுற்று பருத்து, ஒருநாள் போல்ட் மூட மறுக்கும். எல்லாக் கூடும் ஒரே நாளில் மறுக்காது என்பதுதான் தொல்லை. ஒன்று சுலபமாக மூடும், அடுத்தது கையை முறுக்கும். ஒரு துப்பாக்கிக்குப் பழகிய கூடு இன்னொன்றில் நுழையாமலும் போகலாம்.

போட்டியாளர் பலர் இப்போது நடுவழிக்கு வந்திருக்கிறார்கள். முழுக் கூட்டையும் சுருக்கும் டையையே பயன்படுத்தி, தன் துப்பாக்கியில் சுட்ட கூட்டை அளந்து, தோளை 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்னால் தள்ளுவது. மேல் எல்லையே சாதாரண எழுதும் தாளின் பருமனில் பாதிதான். கொள்கையளவில் இதில் எனக்குக் குறை தெரியவில்லை. நடைமுறையில்தான் சிக்கல். டையைத் திருகி இறுக்கிவிட்டால் அளவும் நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். நிற்பதில்லை.

காரணம் நம் கன்னாருக்குத் தெரிந்தது. பித்தளையை அடிக்க அடிக்க இறுகும், காய்ச்சினால் இளகும். பாத்திரம் அடிக்கிறவர் நடுவில் நெருப்பில் காட்டுவது அதற்குத்தான். ஐந்து முறை சுட்ட கூடு ஒரு முறை சுட்டதைவிட இறுகியிருக்கும். டையிலிருந்து வெளியே வந்ததும் அதிகமாகத் துள்ளித் திரும்பும். கூட்டில் பூசும் எண்ணெய் கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறும். கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் டையின் உருண்டை, திரும்ப இழுக்கும்போது கழுத்தைக் கோணலாக்கவும் செய்யும். ஆகவே கழுத்தையும் தோளையும் மட்டும் காய்ச்சி இளக்குவது இந்த வேலையின் பாதி என்பேன். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அந்த இறுக்கம்தான். ஊது விளக்கைக் கையில் பிடித்து, கண் மதிப்பில் நிறம் பார்த்துக் காய்ச்சும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அளவைச் சீராக்கப் போய் இறுக்கத்தைச் சீர்குலைக்கும் வேலை அது.

முன்பின் எத்தனை முறை சுட்டது என்ற கணக்கில்லாமல் கலந்து கிடக்கும் கூடுகளை எந்த விலையுயர்ந்த டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராது. ஒரே ஆலை, ஒரே தொகுதி, ஒரே சுடுகணக்கு: இவற்றைப் பிரித்து வைக்கும் நான்கு டப்பாக்களுக்கு ஆகும் செலவு அற்பம். 303 வைத்திருப்பவர் உடலை முடிந்தவரை தொடாமல் விடட்டும். நுனி வளைத்த கம்பியால் ஒவ்வொரு கூட்டின் உட்சுவரையும் அடிப்பக்கம் தடவிப் பார்க்கட்டும். ஒரு கூட்டில் பள்ளம் தட்டுப்பட்டால் அதே சுடுகணக்கில் உள்ள அத்தனை கூடுகளையும் பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிட வேண்டும்.