வரி மறந்த பிறகு

1960 பிப்ரவரி 13 அன்று பெர்லினின் டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய கச்சேரியின் பதிவை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். ‘மேக் த நைஃப்’ பாடலைத் தொடங்கும் முன் அவர் கூட்டத்திடம் பேசுகிறார். ஒரு பெண் இதைப் பாடி இதுவரை கேட்டதில்லை, நாங்கள் முயன்று பார்க்கிறோம், வரிகளெல்லாம் நினைவிருக்கும் என்று நம்புகிறோம் என்கிறார். பாட்டின் நடுவில் வரிகள் மறந்துபோகின்றன.

பாட்டு நிற்கவில்லை. அடுத்த வரி என்னவென்று தெரியவில்லை என்பதையே மெட்டுக்குள் வைத்துப் பாடுகிறார். அதே பாடலைப் பாடிப் புகழ்பெற்ற பாபி டாரினையும் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் பெயர் சொல்லி உள்ளே இழுக்கிறார். ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலைத் தன் தொண்டையில் வரவழைத்துக் காட்டுகிறார். நானும் என் வாத்தியக்காரர்களும் இந்தப் பாட்டைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதும் பாட்டின் வரியாகிவிடுகிறது. தாளம் ஓரிடத்திலும் தளர்வதில்லை. அந்தப் பிழையைத் திருத்தாமல் அப்படியே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

முதலில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டேன். கல்லூரி நாட்களில் ஜாஸ் கேட்கும் ஆண் நண்பர் ஒருவர் சொன்னது நினைவில் இருந்தது: “பாடகிக்கு இசை தெரியணும்னு அவசியமில்லை, குரல் இருந்தா போதும்.” அவர் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. ஜாஸ் பற்றிய எழுத்தில் சாக்ஸபோன் வாசிப்பவரும் பியானோ வாசிப்பவரும் இசைக்கலைஞர்கள். முன்னால் நின்று பாடும் பெண் வெறும் பாடகி. நம் மொழியிலும் பாடும் பெண்ணைப் புகழக் குயிலையும் தேனையும்தான் தேடுகிறோம். குயில் யோசித்துப் பாடுவதில்லை. குரலை இயற்கையின் கொடை என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள உழைப்பையும் அறிவையும் பேச வேண்டியதில்லை.

மேடைப் பதிவுகளில் அந்த அறிவு வெளிப்படையாகக் கேட்கிறது. அவற்றின்மேல் எனக்குள்ள ஈர்ப்புக்கு இதுவே முதல் காரணம். ஒலிப்பதிவுக் கூடத்தில் பிசகினால் மறுபடி பாடலாம். நம் காதுக்கு வருவது முடிந்த பொருள். மேடையில் வரி நழுவிய அடுத்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். பாட்டின் கட்டமைப்பு, எந்த இடத்தில் எந்தச் சுரக்கூட்டு வரும், எத்தனை தட்டுகளுக்குள் வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஊறியிருந்தால்தான் சொற்களை இழந்த பிறகும் பாட்டை நடத்த முடியும். வரி மறந்த நொடியில் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எவ்வளவு தெரியும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அதே கச்சேரியில் ‘ஹவ் ஹை த மூன்’ பாடும்போது சொற்களை அவரே விலக்கிவைக்கிறார். பொருளற்ற அசைகளைக் கொண்டு வாத்தியம்போல் பாடும் இந்த முறைக்கு ஸ்காட் என்று பெயர். நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்று சொல்வோமே, அதைப் போல அந்தக் கணத்தில் பிறக்கும் இசை. அங்கங்கே வேறு பாடல்களின் துண்டுகளைச் செருகிக்கொண்டே நிமிடக்கணக்கில் போகிறார். 1934இல் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி மேடைக்கு ஆட வந்து, கடைசி நேரத்தில் பாடிவிட்டுப் போன பதினேழு வயதுப் பெண் அவர். இசைக்குழுவின் தலைவர் சிக் வெப் 1939இல் இறந்தபோது அந்தக் குழுவே அவர் பெயரில் இயங்கியது. இந்த வரலாறு தெரிந்தவர்கள்கூட அவரை இனிய குரல் என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள்.

பெர்லினுக்கு இரண்டரை ஆண்டுகள் முன்பு, 1957 ஆகஸ்டில், சிகாகோவின் மிஸ்டர் கெல்லீஸ் விடுதியில் சாரா வான் இதே ‘ஹவ் ஹை த மூன்’ பாடலைப் பாடினார். அவருக்கும் வரிகள் கைவிட்டன. அப்போது அவர் தன் பாட்டுக்குள் வைத்துப் பாடிய பெயர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். இந்தப் பாட்டை அவர் எப்படிப் பாடுவார் தெரியுமா என்று பாராட்டிக்கொண்டே ஸ்காட்டுக்குள் நுழைகிறார். பாடகிகள் என்றால் போட்டியாளர்கள், ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொள்பவர்கள் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே தடுமாறிய நொடியில் ஒரு பெண்ணுக்குக் கைப்பிடியாக வருவது இன்னொரு பெண்ணின் கலை. சாரா வானை 1943இல் ஏர்ல் ஹைன்ஸ் தன் குழுவில் சேர்த்தபோது பாடகியாக மட்டுமல்ல, இரண்டாவது பியானோக் கலைஞராகவும் சேர்த்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மேடை என்றாலே உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் நிற்கும் பெண்ணின் உடலும் துயரமும் சேர்ந்தே விற்கப்படுகின்றன. பில்லி ஹாலிடே பற்றிய எழுத்தில் பெரும்பகுதி அவருடைய காயங்களைப் பற்றியது. ஹாலிடே பாடவில்லை, வாழ்க்கையைக் கொட்டினார் என்பார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டிடம் தொழில்நுட்பம் உண்டு, உணர்ச்சி இல்லை என்பார்கள். ஒருவரிடம் அறிவைப் பறித்துத் துயரத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இன்னொருவரிடம் அறிவு இருப்பதையே குற்றமாக்குகிறார்கள்.

1957 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி நேரலையாக ஒளிபரப்பிய ‘த சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியைப் பாருங்கள். ஹாலிடே தானே எழுதிய ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ பாடலைப் பாடுகிறார். நடுவே லெஸ்டர் யங் எழுந்து சாக்ஸபோனில் சில சுரங்களே கொண்ட தனி வாசிப்பை வாசிக்கிறார். கேமரா ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறது. அவர் தலையசைக்கிறார், புன்னகைக்கிறார், ஒவ்வொரு சுரமும் எங்கே போய் விழுகிறது என்று பின்தொடர்கிறார். பழைய நட்பின் சோகத்தையே பலரும் அந்த முகத்தில் படித்தார்கள். எனக்கு, தன் சக கலைஞரைத் தேர்ந்த காதால் எடைபோடும் ஓர் இசைக்கலைஞர் தெரிகிறார்.

அவருடைய மேடைப் பதிவுகள் இன்னும் எத்தனையோ இருந்திருக்க வேண்டும். 1947இல் போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டபின் அவருடைய காபரே அட்டை பறிக்கப்பட்டது. மது விற்கும் விடுதிகளில் வேலை செய்ய நியூயார்க் காவல்துறை வழங்கிய உரிமம் அது. தெலோனியஸ் மங்க் போன்ற ஆண் கலைஞர்களையும் அந்த விதி தாக்கியது. ஆனால் மங்க் 1957இல் அட்டையைத் திரும்பப் பெற்றுத் தன் சிறந்த காலத்துக்குள் நுழைந்தார். ஹாலிடே 1959இல் இறக்கும்வரை அது திரும்பவில்லை. கார்னகி ஹாலில் பாடலாம். ஜாஸ் அன்றாடம் வளரும் சிறிய விடுதிகளில் பாடக் கூடாது. ஆகவே, மேடைப் பதிவுகளை ரசிக்கும்போது, யாருக்கு மேடை மறுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பதிவு யாருடையது என்ற கேள்வியைப் பெட்டி கார்ட்டர் கையில் எடுத்தார். இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டு, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெட்-கார் என்ற சொந்தப் பதிவு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வழியே 1980இல் வந்த ‘தி ஆடியன்ஸ் வித் பெட்டி கார்ட்டர்’ சான்ஃபிரான்சிஸ்கோ மேடையில் பதிவானது. அதில் ஒரு பாடல் மட்டுமே சுமார் 25 நிமிடம் ஓடுகிறது. தன்னைவிட இளைய மூன்று ஆண் கலைஞர்களை அவர் வேகமூட்டுகிறார், நிறுத்துகிறார், காத்திருக்க வைக்கிறார். அங்கே பாடும் குரலே குழுவை நடத்துகிறது. கூட்டத்தின் ஆரவாரம் தட்டில் பதிந்திருக்கிறது. தட்டின் உரிமை அவருடையது.

இவர்களைக் கேட்கத் தொடங்கிய பிறகு என் மொழியில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். பாடும் பெண்ணைப் பற்றி எழுதும்போது குரல் எப்படி இருந்தது என்பதோடு நிறுத்துவதில்லை. அவர் எங்கே என்ன முடிவெடுத்தார் என்று தேடுகிறேன். பிழை செய்யும் உரிமை நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. வகுப்பில், மேடையில், வேலையிடத்தில் ஒரு வார்த்தை தடுமாறினால் உறைந்துபோகிறோம். பெர்லின் பதிவை நீங்களும் கேளுங்கள். வரி மறந்த இடம் வரும்போது, சிரிப்பதற்கு முன், அடுத்த நான்கு தட்டுகளுக்குள் அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.